சித்தப்பாவின் ஃபிலிம் கவர்

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தோடு வரும் பழுப்புக் கவரை மடக்கிவிடாதே. உள்ளே இருப்பது உன் சித்தப்பாவின் சி.டி. ஸ்கேன் ஃபிலிம். 2009-இல் நானே எடுத்தது. இத்தனை வருஷமும் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. நீ மும்பையில் தலை, கழுத்து அறுவை சிகிச்சைப் படிப்பில் சேர்ந்த அன்றே அனுப்ப நினைத்தேன். மனசு வரவில்லை.

தொண்டையில் புற்றுநோய், கண்டுபிடிக்கத் தாமதமாகிவிட்டது என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறோம். எப்படித் தாமதமானது என்று சொன்னதில்லை. நீ அப்போது ஏழாம் வகுப்பு.

இடது காதுக்கு நேர் கீழே, தாடை முடிகிற இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. தம்பிக்கு வயது 47. நெறி கட்டியிருக்கு, தானாக வற்றிவிடும் என்று உன் அப்பாயி மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்தார்கள். வற்றவில்லை. ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, டிபி கட்டிதான் என்று மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். நம் பக்கத்தில் கழுத்துக் கட்டி டிபியாக இருப்பது சகஜம்தான். அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊசி குத்தி உறிஞ்சி ஒரு ஸ்லைடு பார்த்திருக்கலாம். குத்துவதற்குச் சில நிமிஷம் போதும். நாலு மாதம் மாத்திரை விழுங்கியும் கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்தது. அப்புறம்தான் ஸ்கேன் என்று என் அறைக்கு வந்தான்.

ஸ்கேனுக்கு டாக்டர் எழுதி அனுப்பிய ஸ்லிப்பில் இருந்தது ஒரே வரி: டிபி கட்டி, சிகிச்சையில் இருக்கிறார், கழுத்து சி.டி. எத்தனை நாளாக இருக்கிறது, எந்தப் பக்கம், புகையிலை உண்டா, வாய்க்குள் பார்த்தார்களா, ஒன்றும் இல்லை. படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது, "அண்ணே, உடம்பெல்லாம் சுடுது, வேட்டியிலேயே ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கு" என்றான். எல்லோரும் சொல்வதுதான். அசையாமல் படு, எச்சில் விழுங்காதே என்று மைக்கில் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

கட்டியின் ஓரம் வெள்ளையாகப் பிடித்திருந்தது, நடுவில் தண்ணீர் மாதிரிக் கறுப்பு. டிபி நெறியும் அப்படித் தெரியும், புற்று பரவிய நெறியும் அப்படித் தெரியும். அதற்குக் கொஞ்சம் மேலே, தொண்டையின் காற்றுவழி கறுப்பாக வரும் இடத்தில், இடது டான்சில், அதாவது தொண்டையின் பக்கவாட்டில் இருக்கும் சதை, உள்ளே தள்ளிக்கொண்டு நின்றது. வலது பக்கம் ஒழுங்கான வளைவு, இடது பக்கம் ஒரு புடைப்பு. மூன்று படங்களில் தொடர்ந்து இருந்தது. நான் பார்த்தேன், யாழினி.

மறுநாள் வந்த ரிப்போர்ட் ஸ்லிப் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது: நடுவில் அழுகிய நெறிகள், டிபிக்குப் பொருந்துகிறது. டான்சிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் டெக்னீஷியன். டாக்டர் எழுதாததை நான் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். ஒரு டான்சில் கொஞ்சம் பெரிதாக இருப்பது பலருக்கு உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கையில் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து வேறு ஊரில் ஒரு ஈ.என்.டி. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு டான்சிலைத் தடவினார். கல் மாதிரி இருக்கிறது என்றார். ஊசி குத்தும்போதும் நடுவில் இருந்த நீரை மட்டும் எடுக்காமல், அல்ட்ராசவுண்டில் பார்த்துக் கட்டியின் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் புற்று என்று பதில் வந்துவிட்டது. 40 வயதைத் தாண்டியவர் கழுத்தில் நீர் நிறைந்த கட்டி வந்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை அதைப் புற்றாகத்தான் நினைக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் வலது பக்கக் கழுத்திலும் நெறி வந்திருந்தது. அடுத்த வருஷம் போய்விட்டான்.

இதை உன்னை அழவைக்க எழுதவில்லை. போன வாரம் போனில், ஓ.பி.யில் கூட்டம் தாங்கவில்லை, ஸ்லிப் எழுதவே நேரமில்லை என்றாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உன் விரலுக்கு என்ன தட்டுப்பட்டது, எதைச் சந்தேகப்படுகிறாய் என்று எழுது. நாலு வார்த்தை போதும். அதைப் பார்த்துத்தான் ஸ்கேன் அறைக்குள் இருப்பவர் எப்படிப் படம் எடுப்பது என்று முடிவு செய்வார்.

கன்னத்தையே எடுத்துக்கொள். சும்மா படுக்கவைத்துச் சி.டி. எடுத்தால் கன்னத்தின் உள்தோலும் ஈறும் ஒட்டிக்கொண்டு ஒரே சாம்பல் நிறமாக வரும். கட்டி கன்னத்தில் ஆரம்பித்ததா, ஈறிலா, தாடை எலும்பைத் தொட்டதா, பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்லிப்பில் 'கன்னப் புண்' என்று இருந்தால் வாயை மூடிக் கன்னத்தை உப்பச் சொல்வேன். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே அப்படியே வைத்திருக்க வேண்டும். வெற்றிலை புகையிலை போட்டே வாய் சிவந்த ஒரு பாட்டிக்கு எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. கடைசியில் அடுப்பு ஊதுகிற மாதிரி, ஆனால் காற்றை வெளியே விடாமல், என்று நானே ஊதிக் காட்டினேன். சரியாகப் பிடித்துவிட்டார். படத்தில் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. புண் கன்னத்தில் மட்டும் தனியாக நின்றது, எலும்புப் பக்கம் சுத்தம். அந்தக் கறுப்புக் கோட்டால் பாட்டிக்குத் தாடை எலும்பு தப்பியது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போனவர்களுக்கு இது முடியாது. அதையும் ஸ்லிப்பில் எழுது. பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதன் கீற்று படம் முழுக்க அடிக்கும். அதைத் தவிர்க்க, வாயைத் திறந்தபடி சாய்கோணத்தில் இன்னொரு முறை எடுப்போம். கேட்டால்தான் எடுப்போம்.

நாக்குப் புண்ணுக்கு ஆழம்தான் முக்கியம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். 2018-இலிருந்து புற்றின் நிலை பிரிப்பதில் 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று ஆழத்தையும் சேர்த்துக்கொண்டார்களாமே. மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வு 2015-இல் வெளிவந்ததையும் நீதான் சொன்னாய். ஆரம்ப நிலை வாய்ப் புற்று, கழுத்தில் நெறி எதுவும் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களில் முதல் ஆபரேஷனிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்தவர்களில் 3 ஆண்டுக்குப் பிறகு 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நெறி வரட்டும் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். ஆயுள் முழுக்கப் படம் எடுத்தவன் எனக்கு அந்தக் கணக்கு நெஞ்சில் தைத்தது. சுத்தமாகத் தெரிந்த எத்தனை கழுத்துகளுக்குள் கண்ணுக்குப் படாமல் அது இருந்திருக்கும்!

புற்று தொடங்கிய இடம் எங்கே என்று தெரியாமல் கழுத்தில் மட்டும் நெறி இருப்பவரை, புற்று இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் (PET) ஸ்கேனுக்கு அனுப்பினால், டான்சிலில் சதை எடுப்பதற்கு முன்னாலேயே அனுப்பு. வெட்டின இடமும் புண்ணான இடமும் சேர்ந்து ஒளிரும், பார்ப்பவர் குழம்பிப்போவார். உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்கேன் அறையில் வெள்ளை கோட் போட்ட ஒரு பையனோ பெண்ணோ தயங்கித் தயங்கி, "மேடம், இங்கே ஏதோ..." என்று ஆரம்பித்தால், அவசரத்தில் இருந்தாலும் நின்று கேள். அவர்களுக்கு அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஃபிலிமில் இரண்டாவது வரிசை, மூன்றாவது படத்திலிருந்து பார். ஓரத்தில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருக்கிறேன். அவன் போன பிறகு வைத்தது. சித்தியிடம் மறைக்க வேண்டுமோ என்று நீ யோசிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "யாழினிகிட்ட கொடுத்துடுங்க மாமா" என்றாள்.

அன்புடன்,
அப்பா