பதிவேட்டில் ஏறிய எண்ணும் ஊரில் உள்ள நோயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா பெருந்தொற்று வந்தபின் குழந்தைகளிடம் சிறுநீரக நோய் பெருகிவிட்டது என்று ஒரு செய்தி வருகிறது. குறைந்துவிட்டது என்று இன்னொன்று வருகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஏதாவதொரு மருத்துவமனையின் பதிவேடுதான் ஆதாரம். பதிவேடு பொய் சொல்வதில்லை. அதற்குத் தெரியாததையும் அதனிடம் கேட்பதால்தான் இந்தக் குழப்பம்.

குழந்தைகளிடம் அடிக்கடி பேசப்படும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோமையே எடுத்துக்கொள்வோம். சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் ஒழுகும். இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறையும். உடம்பில் நீர் கோக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஏறத்தாழ 2 முதல் 7 பேருக்குப் புதிதாக வருகிறது. இவ்வளவு அரிதான நோயில் சதவீதக் கணக்கு எளிதில் ஏமாற்றும். 5 லட்சம் குழந்தைகள் உள்ள ஒரு பகுதியில், லட்சத்துக்கு 5 என்று வைத்தால் ஆண்டுக்கு 25 பேரை எதிர்பார்க்கலாம். இப்படி அரிதாக வரும் எண்ணிக்கை, ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்தின் இருமடங்கு வரை தற்செயலாகவே ஏறி இறங்கும். 25-இன் வர்க்கமூலம் 5. அதன் இருமடங்கு 10. ஆகவே எந்தக் காரணமும் இல்லாமலே ஓர் ஆண்டு 15 பேரும் மற்றோர் ஆண்டு 35 பேரும் வரக்கூடும். 25 இருந்த இடத்தில் 33 வந்ததும் '32 சதவீத உயர்வு' என்று தலைப்பிடுகிறோம். அது வெறும் ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம்.

அடுத்தது தேதி. ஊரடங்கு காலத்தில் வீங்கிய முகத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பெற்றோர் தயங்கினார்கள். இந்த வீக்கமும் ஏமாற்றுக்காரன். காலையில் இமைகள் உப்பியிருக்கும். மாலைக்குள் முகம் வடிந்து கணுக்காலில் இறங்கும். தொலைபேசியில் கேட்டால் 'ஒவ்வாமை' என்றே யாருக்கும் தோன்றும். சிறுநீரைச் சோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தச் சோதனைதான் விட்டுப்போனது. ஏப்ரலில் வீங்கத் தொடங்கிய குழந்தை ஜூனில் மருத்துவமனைக்கு வந்தால், ஏப்ரலில் நோய் குறைந்ததாகவும் ஜூனில் பெருகியதாகவும் வரைபடம் காட்டும். வீக்கம் முதலில் தெரிந்த நாளை வைத்து மறுபடி வரைந்தால் அந்தப் பள்ளமும் மேடும் பாதி தட்டையாகிவிடும்.

புதிய நோயாளியையும் பழைய நோயாளியையும் ஒரே கூடையில் போடுவது மூன்றாவது கோளாறு. இந்த நோய்க்கு முதலில் தரும் மருந்தான ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் குழந்தைகளில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது நோய் திரும்பும். ரிலாப்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஒரே குழந்தை ஆண்டில் நான்கு முறை சேர்க்கப்பட்டால் பதிவேட்டில் நான்கு வரி. ரிலாப்ஸைத் தூண்டுவது பெரும்பாலும் சாதாரணச் சளியும் தொண்டைத் தொற்றும். பள்ளிகள் மூடி, முகக்கவசம் போட்டிருந்த மாதங்களில் ஃப்ளூ போன்ற பிற வைரஸ்கள் அடங்கியிருந்தன. அப்போது ரிலாப்ஸ் குறைந்ததாகச் சில மருத்துவமனைகள் பதிவு செய்தது வியப்பல்ல. ஆனால் அது நோய் புதிதாக வருவது குறைந்ததற்குச் சான்றாகாது.

அதோடு, வீட்டிலேயே கண்டுபிடித்த ரிலாப்ஸ் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. காலை முதல் சிறுநீரில், புரதம் இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டையை ஒரு விநாடி நனைத்து, விளிம்பைத் துடைத்து, புட்டியில் சொன்ன நேரத்தில், வழக்கமாக 60 விநாடியில், வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும். நேரம் கடந்து பார்த்தால் நிறம் கருத்து, இல்லாத புரதம் இருப்பதாகத் தோன்றும். மூடியைத் திறந்து வைத்த புட்டியில் பட்டை ஈரம் பட்டுக் கெடும். புட்டியின் நிற அட்டவணைப்படி புரதம் தொடர்ந்து மூன்று நாள் 3+ அல்லது அதற்கு மேல் என்றால்தான் ரிலாப்ஸ். ஒரே ஒரு காய்ச்சல் நாளில் 2+ கண்டதும் மருந்தைத் தொடங்கிய வீடுகளும் உண்டு, எதிர்ப்புச் சக்தி குறையுமென்று பயந்து ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திய வீடுகளும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்து. வாரக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்த உடம்பில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிக்கிடக்கும். அந்த நேரத்தில் மருந்தும் நின்று காய்ச்சலும் வந்தால் வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் வரை போகும்.

கொரோனா தொற்றே நேரடியாக நெஃப்ரோடிக் நோயைக் கொண்டுவந்ததா என்ற கேள்விக்கும் தனித்தனி நோயாளிகளைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. ஊரில் பாதிக் குழந்தைகளுக்குத் தொற்று வந்துபோயிருந்தால், தொடர்பே இல்லாவிட்டாலும் புதிதாக நோய் கண்ட குழந்தைகளிலும் பாதிப் பேருக்கு அது வந்திருக்கத்தான் செய்யும்.

திடீர் சிறுநீரகப் பாதிப்பு வேறு கதை. கொரோனா வந்து 2 முதல் 6 வாரத்துக்குள் சில குழந்தைகளுக்கு ஏற்பட்ட பல உறுப்பு அழற்சியில் அது உண்மையாகவே காணப்பட்டது. ஆனால் எத்தனை பேருக்கு என்பது அளவுகோலைப் பொறுத்தது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின், இரத்தத்தில் முந்தைய அளவைவிட ஒன்றரை மடங்கு ஏறினால் பாதிப்பு என்பது விதி. பெரும்பாலான குழந்தைகளுக்கு முந்தைய அளவு என்று ஒன்று எடுத்ததே கிடையாது. டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இருக்கவேண்டிய சின்னக் குழந்தைக்கு 0.6 வந்தால் இரண்டு மடங்கு. பரிசோதனைக்கூடத் தாளிலோ பெரியவர்களுக்கான வரம்பு அச்சாகியிருக்கும், 0.6-க்கு எதிரே 'இயல்பு' என்றே வரும். மேலும், கணக்கில் வருவது மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகள் மட்டுமே. அந்தச் சதவீதத்தைத் தொற்று வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பொருத்தக் கூடாது.

எனவே இத்தகைய செய்தியை அச்சிடும்போது சதவீதத்தோடு இவற்றையும் கேட்டுப் போடுங்கள்: எத்தனை குழந்தைகள், எத்தனை பேர் வாழும் பகுதியிலிருந்து, முந்தைய ஐந்தாண்டுகளில் ஆண்டுவாரியாக எத்தனை, அவர்களில் புதியவர்கள் எத்தனை பேர், வீக்கம் தெரிந்த நாள் எது. கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்த மாதவாரி வரைபடத்தையாவது வெளியிடாமல் விடலாம்.

இப்படிக்கு,
குழந்தைகள் சிறுநீரக மருத்துவர்கள் சிலர்