கடல்மீன் தொட்டியில் மின்கசிவு: உங்கள் பம்ப் பற்றியும் உங்கள் பதில் பற்றியும் ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 60 வாட் ரிட்டர்ன் பம்ப்பில் மின்கசிவு; அதைச் சாதாரணம் என்று ஒதுக்கிய சர்வீஸ் பதில்

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் 60 வாட் ரிட்டர்ன் பம்ப்பை கொளத்தூரில் வாங்கி, வீட்டுக் கடல்மீன் தொட்டியின் சம்ப்பில் (தொட்டித் தண்ணீர் இறங்கிச் சேரும் கீழ்த்தொட்டி) போட்டிருந்தேன். அங்கிருந்து தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவது அதன் வேலை. கடைக்காரர் மேல் எந்தக் குறையும் இல்லை. வாரண்டி இன்னும் முடியவில்லை. அந்தப் பம்ப்பிலிருந்து தண்ணீருக்குள் மின்சாரம் கசிந்தது. உங்கள் சர்வீஸ் பிரிவிடம் சொன்னபோது, "அது இண்டக்ஷன் வோல்டேஜ் சார், எல்லா பம்ப்பிலும் வரும். ஒரு எர்த் ப்ரோப் வாங்கிப் போட்டுக்கோங்க" என்று ஃபோனிலேயே முடித்துவிட்டார்கள். எர்த் ப்ரோப் என்றால் தண்ணீரை வீட்டு எர்த்தோடு இணைக்கும் கம்பி. பம்ப் பழுதாவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியும். இந்தப் பதிலை ஏற்க முடியாது. இதை நம்பி இன்னொருவர் அதே தண்ணீரில் கை விடுவார்.

என் மனைவி கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, விரலில் வெட்டுப்பட்ட இடத்தில் சுள்ளென்று இழுத்தது. வெறுங்கால், மொசைக் தரை. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் தரைக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, ஆனால் ட்ரிப் ஆகவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி மர ஸ்டாண்டின் மேல் நிற்பதால் தண்ணீருக்கும் தரைக்கும் தொடர்பே இல்லை. தண்ணீரில் வோல்டேஜ் இருந்தாலும் மின்சாரம் ஓட வழி கிடையாது. கை வைப்பவர்தான் அந்த வழி.

இதை இண்டக்ஷன் என்று சொல்வதால், நாங்கள் பார்த்த சோதனைகளை விவரமாகவே எழுதுகிறேன். தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துத்தான் எல்லாவற்றையும் செய்தோம். முதலில் வீட்டு எர்த் சரியா என்று பார்த்தோம். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்றரை வோல்ட். எர்த்தில் குறை இல்லை. அப்புறம் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை மூன்று பின் சாக்கெட்டின் பெரிய துளையிலும் (எர்த் துளை) வைத்தோம். 140 வோல்ட் அளவில் காட்டியது. விளக்கு, வேவ்மேக்கர் (தண்ணீரை அலையவைக்கும் கருவி), ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கை எடுக்கும் கருவி) என்று ஒவ்வொன்றாக பிளக்கையே உருவிப் பார்த்தோம். சுவிட்சை மட்டும் அணைப்பது இந்தச் சோதனைக்குப் போதாது. பெரிய மாற்றம் இல்லை. உங்கள் பம்ப்பை உருவியதும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்தது. அதை வெளியே எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் ஓட விட்டால் 27 வோல்ட்.

உங்கள் ஆள் சொல்லும் இண்டக்ஷன் இந்த 27 வோல்ட்தான். வயரும் காயிலும் நல்ல இன்சுலேஷனுக்குள் இருந்தாலும், பக்கத்திலிருக்கும் தண்ணீரில் கொஞ்சம் வோல்டேஜ் தூண்டப்படும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், சக்தியே இல்லாத அந்த வோல்டேஜையும் அது காட்டிவிடும். உண்மையான கசிவை இதிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தோம். 27 வோல்ட் ஒரு வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டது. உங்கள் பம்ப்பை மட்டும் ஓட விட்டபோது, ரெசிஸ்டர் இல்லாமல் 138 வோல்ட், ரெசிஸ்டரோடு 60 வோல்ட். அதாவது 6 மில்லி ஆம்பியர் அதன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. இண்டக்ஷனால் அது முடியாது.

இன்னொன்றும் பார்த்தோம். உங்கள் பம்ப்புக்கு எர்த் வயர் இல்லாத இரண்டு பின் பிளக். அதைத் திருப்பிச் செருகினால் 138 வோல்ட் 92 ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 230. காயிலின் நடுவில் ஏதோ ஓரிடத்தில் உப்புத் தண்ணீர் தொட்டுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. கடைசியாக, பம்ப்பை உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரால் பார்த்தோம். முள் பூஜ்யத்திலேயே கிடந்தது, அதாவது இன்சுலேஷன் போய்விட்டது. கழுவிப் பார்த்தால், வயர் உள்ளே நுழையும் இடத்தில் எபாக்சி விரிசல் விட்டிருக்கிறது, அதன் ஓரத்தில் செம்புப் பச்சை படிந்திருக்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன்.

அந்தப் பச்சைதான் என்னை அதிகம் வருத்தியது. க்ளீனர் ஷ்ரிம்ப்பும் நத்தைகளும் ஒவ்வொன்றாகச் செத்தபோது காரணம் புரியவில்லை. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செம்பு டெஸ்ட் கிட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் காட்டியது. வெண்புள்ளி நோய் வந்த மீனுக்கு மருந்தாகச் செம்பு போடும் அளவு அது. மீன் தாங்கும், இறாலும் நத்தையும் தாங்காது. கரைந்த செம்பு சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தண்ணீரில் கலக்கும். அதனால் பாறை, மணல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. தண்ணீரிலிருந்த வோல்டேஜால் மீன்களுக்குத் தீங்கு என்று நான் சொல்லவில்லை. செம்பால் உயிர்கள் போயின, மனிதருக்கு ஷாக் அடித்தது. புகார் இந்த இரண்டைப் பற்றித்தான்.

எர்த் ப்ரோப் போடச் சொன்ன யோசனை ஆபத்தானது. ப்ரோப் போட்டால் தண்ணீரின் வோல்டேஜ் இறங்கிவிடும், கசிவு நிற்காது. ஆர்சிசிபி உள்ள வீட்டில் கசிவு போதுமான அளவு வளர்ந்தால் அது ட்ரிப் ஆகும், அந்த வகையில் ப்ரோப்பால் பயன் உண்டு. ஆனால் இந்தப் பம்ப்பின் அளவு கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ட்ரிப் ஆகாது. பம்ப்பும் ஓடும், விரிசலும் வளரும், மீட்டரில் பூஜ்யம் தெரியும். வெறும் எம்சிபி (அதிக லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் மட்டும் ட்ரிப் ஆகும் சுவிட்ச்) மட்டும் இருக்கும் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பக்கத்தில் ஏதாவது விளக்கின் உடம்பில் பேஸ் இறங்கியிருந்து, ஒருவர் ஒரு கையால் அதையும் மறு கையால் எர்த் செய்த தண்ணீரையும் தொட்டால் அவர் பிழைப்பது கஷ்டம். வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் உங்கள் ஆள் இதைச் சொன்னார்.

நான் கேட்பது இவைதான். பம்ப்பின் விலையையும் பாறை, மணல், உயிரினங்களுக்கான செலவையும் திருப்பித் தர வேண்டும், பில்கள் இணைப்பில் உள்ளன. இதே பேட்சில் விற்ற பம்ப்புகளின் வயர் நுழையும் இடத்தைச் சோதித்து, வாங்கியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்சிசிபி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது, தண்ணீரில் கை விடுமுன் பிளக்கை உருவ வேண்டும் என்று பெட்டியிலேயே தமிழில் அச்சிட வேண்டும். இண்டக்ஷனையும் கசிவையும் பிரித்தறியும் முறையை சர்வீஸ் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பம்ப்பை கூரியரில் அனுப்ப மாட்டேன். உங்கள் பொறியாளர் வந்தால், அவர் முன்னிலையில் எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்து காட்டுகிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளுக்கு மட்டுமின்றி, போதிய எச்சரிக்கை தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை

இணைப்பு: பில் நகல்கள், மீட்டர் அளவுகளின் படங்கள், விரிசலின் படங்கள், எலெக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட மெகர் சோதனைக் குறிப்பு