இரண்டு யூ

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஃபோனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் சேர்க்கிற ஸ்கிராபிளில், கடைசி வரை இரண்டு யூ கையில் மாட்டிக்கொண்டு தோற்றுப்போனேன் என்றாய். ராத்திரி தார்சாவில் உட்கார்ந்து பழைய அகராதியைப் புரட்டினேன். இரண்டு யூ அடுத்தடுத்து வருகிற ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

வேக்குவம் உனக்குத் தெரியும். கன்டினுவம், ரெசிடுவம் எல்லாம் அதே வார்ப்பு. லத்தீனில் பகுதி உகரத்தில் முடிகிறது, விகுதி 'உம்'. இரண்டு உகரமும் அப்படியே ஒட்டி நின்றுவிடும். தமிழ் அப்படி விடாது. திருவும் உருவமும் சேர்ந்தால் திருவுருவம், நடுவில் வகர உடம்படுமெய் வந்துவிடும். எத்தனை வருஷம் வகுப்பில் நடத்திய பாடம்! ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் வகர ஓசைக்கு இரண்டு யூவைத்தான் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். டபிள்யூ என்ற பெயரே அப்படி வந்ததுதான். இது தெரிந்ததும் சந்தோஷம் தாங்காமல் உன் அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். டி, யூ, யூ, எம், வி, ஐ, ஆர். பழைய ரோமில் இருவராகச் சேர்ந்து ஒரே பதவி வகித்தவர்களில் ஒருவரை இப்படிச் சொல்வார்கள். ஏழு எழுத்து. கையிலுள்ள ஏழையும் ஒரேயடியாக இறக்கினால் 50 புள்ளி கூடுதல் அல்லவா? எழுத்துகளுக்கு 13. ஆக 63, கலர் கட்டங்களில் விழுந்தால் அது தனி.

இன்னொன்று, எம், யூ, யூ, எம், யூ, யூ. ஹவாய்த் தீவுப் பெண்கள் உடுத்துகிற தொளதொள அங்கி, முமு என்பார்கள். உன் அம்மா வீட்டில் போடுகிற நைட்டி மாதிரிதான். பெட்டியில் இருப்பது மொத்தம் நான்கு யூ, இரண்டு எம். ஆறையும் இந்த ஒரு சொல்லே வாங்கிக்கொள்கிறது. 10 புள்ளிதான், இருந்தாலும் அழகான சொல்.

உன் பழைய பலகை பரணில்தான் இருந்தது, எடுத்துத் துடைத்தேன். தொலைந்துபோன ஒரு யூவுக்குப் பதிலாகத் தீப்பெட்டி அட்டையை வெட்டி நீ எழுதி வைத்தாயே, அது மை கூட மங்காமல் கிடக்கிறது. அதையும் சேர்த்துத்தான் ராத்திரி முமு அடுக்கிப் பார்த்தேன்.

அன்புடன்,
அப்பா