சத்தம் போடாமல் தண்ணீர் பிடித்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், எங்களோடு ஓடியாடிய எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. படப்பிடிப்பு முடிந்தது. முடியும் என்ற நம்பிக்கை நடுவில் எங்களில் ஒருவருக்கும் இல்லை. அந்த மழை வாரத்தில் என்ன நடந்தது, யார் வர முடியாமல் போனது, எதையெல்லாம் திருப்பி அனுப்பினோம் என்பது உங்களுக்கே தெரியும். பாதிக் கதை உங்கள் வீட்டு வாசலில்தான் நடந்தது. அதனால் அதைத் திரும்ப எழுதவில்லை. நன்றியை மட்டும், சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி கீழ்வீட்டுப் பாட்டிக்கு.

நாங்கள் எடுத்தது சிரிப்புப் படம். குன்னூரைத் தாண்டி, வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் நடுவில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடு ஒன்றில் ஒரு குடும்பம். மூத்த பெண்ணை வீடியோ காலில் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரில் சோபாவில் சாய்ந்திருக்கிறார்கள். இங்கே ஆறு பேர் ஒரு செல்போனுக்கு முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா ஒரு பொய் சொல்ல, அது முடிவதற்குள் தாத்தா உண்மையைச் சொல்ல, அம்மா இருமி அதை மறைக்க, சிரிப்பு முழுக்க அந்தக் குறுக்குப் பேச்சில்தான் இருக்கிறது. டப்பிங்கில் இது வராது. ஒவ்வொருவராக மைக் முன்னால் நின்று பேசினால் வசனம் வந்துவிடும், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் விழுகிற அந்த அரை நொடி வராது. நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்கிற லைவ் சவுண்டில்தான் எடுப்பேன் என்று நான் பிடிவாதமாக நின்றது அதற்காகத்தான்.

லைவ் சவுண்டில் சுற்றுச் சத்தம் கொஞ்சம் இருந்தால்கூடச் சமாளிக்கலாம், மாறிக்கொண்டே இருந்தால்தான் தலைவலி. ஒரு ஷாட்டில் பின்னால் தண்ணீர் கொட்டி, அடுத்த ஷாட்டில் கொட்டாவிட்டால், இரண்டையும் ஒட்டும்போது வெட்டிய இடம் காதில் இடிக்கும். ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் மூச்சுவிடாமல் நிற்கவைத்து, அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்தோமே, பார்த்திருப்பீர்கள். ரூம் டோன் என்பார்கள். வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே பூசுவதற்கு அது வேண்டும்.

நடிகர்கள் ஆறு பேரும் ஒன்றாகக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அன்றைக்குத்தான் தெருவுக்குத் தண்ணீர் விட்டார்கள். இங்கே தண்ணீர் வரும் நாள் என்றால் என்ன என்று சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. இன்று பிடிக்காவிட்டால் அடுத்து எப்போது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு குழாய், குழாய்க்குக் குழாய் பிளாஸ்டிக் டிரம். காலி டிரம்மில் தண்ணீர் விழுந்தால் மத்தளம் கொட்டுகிற மாதிரி இருக்கும். பிடிக்காதீர்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

சவுண்ட் தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டி வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னோம். "தண்ணி சத்தம்தானே? இருங்க" என்று உள்ளே போனவர் பழைய வேட்டி ஒன்றை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு வந்தார். ஒரு முனையைக் குழாயின் வாயில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மறுமுனையை டிரம்மின் அடி வரைக்கும் தொங்கவிட்டார். குழாயைப் பாதி திறந்தார். தண்ணீர் துணியோடு துணியாக வழிந்து அடிக்கு இறங்கியது. சத்தமே இல்லை. தம்பி நம்பாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை டிரம்முக்கு நேர் மேலே நீட்டினார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பாட்டி அதோடு நிற்கவில்லை. மீதி வேட்டியையும் கிழித்து, வீடு வீடாகப் போய் அவரே கட்டிவிட்டார். குழாயை முழுக்கத் திறக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். பாதிக் குழாய் என்றால் இரண்டு மடங்கு நேரம். அந்தக் குளிரில் நீங்கள் அத்தனை பேரும் நின்றீர்கள். டிரம் நிறைந்ததும் குடம் வைக்க, கீழே சாக்கு விரித்திருந்தீர்கள். ஒருவரும் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கையாலேயே பேசிக்கொண்டீர்கள். முழுக் காட்சியும் லைவ் சவுண்டில் வந்துவிட்டது.

இந்த வித்தை எங்கே கிடைத்தது என்று பாட்டியிடம் கேட்டேன். "லயத்துல ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு செவுருதானே புள்ள. ராவுல தண்ணி புடிச்சா பக்கத்துக் காம்பராவுல கைப்புள்ள முழிச்சிக்கும். எங்கம்மா இப்பிடித்தான் துணி கட்டுவாங்க" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், காம்பரா என்றால் அறை. பாட்டி பிறந்தது இலங்கை மலையகத்தில். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி திரும்பி வந்த குடும்பம். சிறுபெண்ணாகத் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தொடங்கிய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். இத்தனை ஊர் மாறி வந்தும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்துக்காகத் தன் அம்மா கட்டிய துணியை அவர் மறக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குடும்பச் சிரிப்புப் படம் என்றால் பக்கத்து வீடு ஒட்டுக்கேட்கும், கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும், நல்ல காரியத்தைக் கெடுக்கும். காலம் காலமாக அதுதான் வழக்கம். ஆனால் ஒற்றைச் சுவரில் வாழ்கிறவர்களுக்கு ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை, எல்லாம் தானாகவே கேட்கிறது. கேட்டும் கேட்காத மாதிரி இருக்க எவ்வளவு பெருந்தன்மை வேண்டும்! மறுநாள் காலையில் ஒரு ஷாட்டைப் புதிதாகச் சேர்த்தோம். உள்ளே பெண் பார்க்கிற கலாட்டா. வெளியே பக்கத்து வீட்டுப் பாட்டி குழாயில் துணி கட்டி, வாயில் விரல் வைத்துத் தெருவையே அடக்குகிறார். பாட்டியே நடித்தார். ஒரே டேக். எடிட்டர் இதுவரை அதிகம் சிரித்தது அந்த இடத்தில்தான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊட்டி இந்துநகர் போட்டோ பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, வீட்டிலிருந்த கறுப்புத் துணியெல்லாம் கொண்டுவந்து ஜன்னல்களை மூடிக்கொடுத்தார். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் மேகம் இறங்கி ஜன்னல் வெளுத்துப் போகிற இந்த ஊரில், அந்தத் துணி இல்லாவிட்டால் வெளிச்சம் ஒட்டியிருக்காது. ஒரு காலத்தில் 'இந்து' பிலிம் செய்த கைக்கு இருட்டு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலை ரயிலின் நேரத்தை எழுதிக் கொடுத்த ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின்தான், ஆனாலும் வளைவுக்கு வளைவு அந்த ஹாரன் கேட்டுக்கொண்டே வருகிறதே! தேயிலைக்குள் காட்டெருமை நின்றபோது லைட் ஸ்டாண்டை எடுக்க இறங்கப்போன எங்கள் பையனின் சட்டையைப் பிடித்து நிறுத்திய தோட்டக் காவலர், மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழி அடைபட்டதும் கோத்தகிரி வழியாகச் சுற்றி வந்து மைக் பெட்டியைச் சேர்த்த டிரைவர் அண்ணன், கணக்கு நோட்டை நாங்கள் கேட்டும் காட்டாமல் இஞ்சி டீயும் வர்க்கியும் கொடுத்துக்கொண்டே இருந்த டீக்கடை அண்ணாச்சி, வீட்டையும் பீரோவையும் சமையல் பாத்திரங்களையும் நம்பி ஒப்படைத்துவிட்டுத் தங்கை வீட்டில் போய்த் தங்கிய அக்கா, உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இரண்டு விஷயம் உறுதியாகச் சொல்கிறேன். கடைசியில் பெயர்கள் ஓடும்போது, ஒலிப்பதிவு என்ற தலைப்புக்குக் கீழே பாட்டியின் பெயர்தான் முதலில் வரும். சவுண்ட் தம்பியே கேட்டுக்கொண்டது அது. இன்னொன்று, எந்த விழாவுக்கு அனுப்புவதானாலும் அதற்கு முன் படம் இந்தத் தெருவில்தான் ஓடும்.

எடிட்டிங்கும் ஒலிக்கலவையும் முடிந்ததும் தேதி சொல்கிறோம். தண்ணீர் விடும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்வோம். அக்கா வீட்டுப் பக்கச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் போடுவதாகத் திட்டம், மழை வந்தால் சமுதாயக் கூடம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், முடிந்தவர்கள் நாற்காலியும் கொண்டு வாருங்கள். பாட்டிக்கு நாங்களே போட்டுவிடுகிறோம்.

அன்புடன்,
படக்குழுவின் சார்பில் இயக்குநர்