மலை ஒத்துக்காத பிள்ளை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். மணி இன்று ராத்திரி ஓசூர் பஸ் ஏறுகிறான். விடிந்ததும் உன் வீட்டு வாசலில் நிற்பான். அவன் பையில் முறுக்கு டப்பாவும் ஒரு சின்ன அட்டைப்பெட்டியும் இந்தக் கடிதமும் இருக்கும். கடிதத்தை முதலில் படி. தனியாக உட்கார்ந்து படி. போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை எடுத்தேன். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார், என்னால் முடியவில்லை.

சித்திரைக்கு வந்தபோதே உன் காரில் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தேன். இஞ்சின் படம் போட்ட விளக்கு. கேட்டதற்கு, "அது ஆறு மாசமா எரியுதுப்பா, ஒண்ணும் பண்றதில்லை" என்றாய். பத்து வயசில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உன் கையில் கொடுத்தால், நிறத்தைப் பார்த்தே "கரி அடிச்சிருக்குப்பா, பெட்ரோல் அதிகமாப் போகுது" என்று சொன்னவள் நீ. பட்டறைக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஆறு மாசமாக ஒரு விளக்கு எரிவது உறைக்கவில்லையா?

மறுநாள் நீங்கள் எழுவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சைலன்சர் வாயில் விரலை விட்டால் மை மாதிரி கரி. இஞ்சின் புகை வெளியேறுகிற மேனிஃபோல்டுக் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் சென்சார் இல்லை. அதன் ஒயர் கப்ளர் மட்டும் தொங்குகிறது. ஓட்டையில் ஒரு போல்ட்டைத் திருகி வைத்திருக்கிறார்கள். காபி குடிக்கும்போது மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன். "அது சும்மா அலங்காரத்துக்கு வெச்சிருக்காங்க மாமா, இல்லாமலே வண்டி ஓடும்னு மெக்கானிக் சொல்லிட்டார்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். ஏன் போனேன் என்று பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் தலை பாரமாகிறது, மத்தியானம் தானாகச் சரியாகிவிடுகிறது, திரும்பி வரும்போது மறுபடியும் வருகிறது, பாப்பாவும் பிளே ஸ்கூல் வாசலில் இரண்டு தடவை கக்கினாள் என்றாய். டாக்டர் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் 98 இருக்கிறது, சைனஸாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்ததாகச் சொன்னாய். நான் "கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு கண்ணு" என்று மட்டும் சொன்னேன். "தூசி வருதுப்பா" என்று சிரித்தாய். இப்போது சொல்கிறேன், கண்ணாடியை இறக்கினாலும் போதாது. வண்டியை எடுக்கவே எடுக்காதே.

சென்சார் இல்லாமல் வண்டி ஓடும். அதில் அந்த மெக்கானிக் பொய் சொல்லவில்லை. எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. ஒரு கிலோ பெட்ரோல் சுத்தமாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அந்தச் சென்சார்தான் பார்த்துச் சொல்லும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று கூடினால் 0.1 பக்கம் இறங்கும். அதைப் பார்த்துத்தான் ஈசிஎம், அதாவது இஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். கார்புரேட்டர் காலத்தில் நான் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டுச் செய்த வேலை அது. அதுவோ ஓடுகிற வண்டியில், நொடிக்கு நொடி செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் ஈசிஎம்முக்குக் கண் தெரியாது. இஞ்சின் திணறிவிடக் கூடாது என்று பெட்ரோலைக் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கும். மைலேஜ் குறையும், பிளக் கரி அடிக்கும், மிச்சப் பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளே இருக்கும் தேன்கூட்டையே உருக்கிவிடும். பிறகு பிக்கப்பும் போய்விடும். இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம், சம்பாதித்துக்கொள்ளலாம்.

நான் பயப்படுவது அந்தப் போல்ட்டுக்கு. பழுதான சென்சாரை அப்படியே விட்டிருந்தால்கூட ஓட்டையையாவது அடைத்துக்கொண்டிருக்கும். போல்ட் அப்படி இல்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, மரை தளர்ந்துவிடும். அந்த ஓட்டை கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிறது. அங்கே கசிவது சுத்தம் செய்யாத புகை. பெட்ரோல் கூடுதலாகப் போகிற வண்டியில் அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு ரொம்ப அதிகம். சிக்னலில் நிற்கும்போது பானட்டுக்குள் தேங்கி, கண்ணாடிக்கு அடியில் காற்று இழுக்கிற வழியாக உள்ளே வரும். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். விரல் கிளிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, 98 என்றுதான் காட்டும் என்றார். உன் தலைவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம். இருந்துவிட்டால் சந்தோஷம். ஆனால் வண்டியில் ஏறினால் வருகிறது, இறங்கினால் போகிறது என்கிறாயே. வண்டியை எடுக்காதே. பாப்பாவைப் பின் சீட்டில் தூங்கவைத்துக்கொண்டு ஏசி போட்டுப் போகவே போகாதே.

இது டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு 2006-லேயே தெரியும்.

அந்த வருஷம் மே மாசம் ஆம்னி வேனில் வால்பாறை போனோமே. ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்தது, கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டோம். நான் மட்டும் மிர்ரர் தெரியவில்லை என்று என் பக்கம் ஒரு சாண் இறக்கி வைத்திருந்தேன். நீ முன் சீட்டுக்குப் பின்னால், கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாய். ஒன்பதாவது வளைவு வருவதற்குள் மூன்று தடவை வாந்தி. அப்புறம் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாய், பதில் பேசவில்லை. அம்மாவும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். நான் உன்னைத் திட்டினேன். "ஒரு மலை ஏறக்கூடத் தெம்பில்லை" என்றேன். மேலே போய் இறங்கி, குளிர்காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு நீ எழுந்து சிரித்தாய். அன்றிலிருந்து நம் வீட்டில் உனக்கு மலை ஒத்துக்காது.

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து ஆம்னியின் முன் சீட்டைத் தூக்கினேன், அதற்கு அடியில்தான் இஞ்சின். சென்சார் ஓட்டையில் போல்ட் இல்லை. எங்கேயோ வழியில் விழுந்திருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றிச் சீட்டுக்கு அடித் தகடு முழுக்கக் கருத்துக் கிடந்தது. அந்தப் போல்ட்டைப் போட்டவன் நான்தான். பழைய சென்சார் போய்விட்டது, புதுசு வாங்கப் பட்டறை வாடகை அளவுக்குப் பணம் வேண்டும். லேத்தில் ஒரு போல்ட்டைக் கடைந்து திருகிவிட்டு, "இதெல்லாம் அலங்காரத்துக்கு வைக்கிறது" என்று பையன்களிடம் சொன்னேன். வாடிக்கையாளர் வண்டிகளிலும் அப்படியே சொல்லிக் கழற்றியிருக்கிறேன். எத்தனை வண்டி என்று கணக்கில்லை. மாப்பிள்ளை வாயிலிருந்து அதே வார்த்தை வந்தபோது எனக்குக் காபி இறங்கவில்லை.

கண்டுபிடித்த அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வேறு போல்ட் போட்டு இறுக்கினேன், சீட்டை மூடினேன், வாயையும் மூடிக்கொண்டேன். 2018-ல் பேங்க் பரீட்சை எழுதி உனக்கு வால்பாறைக் கிளைக்கு ஆர்டர் வந்தது. "நாற்பது கொண்டை ஊசியும் இவளுக்கு ஆகாது" என்றாள் அம்மா. நீயும் "என்னால முடியாதுப்பா, வேண்டாம்" என்று காகிதத்தை மடித்து வைத்தாய். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மோர் ஊற்றச் சொன்னேன். அந்தக் கூடத்தில் காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். உனக்கு மலை ஒத்துக்காமல் இல்லை, கண்ணு. உனக்கு ஒரு குறையும் இல்லை. போன மாசம் மாப்பிள்ளை வீட்டார் ஏற்காடு கூப்பிட்டதற்கு நீ போகவில்லை, அத்தை முகத்தைத் தூக்கினார் என்று அம்மா சொன்னாள். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இன்று ராத்திரி மணியை பஸ் ஏற்றிவிட்டு வந்து சொல்லிவிடுவேன்.

அட்டைப்பெட்டியில் இருப்பது உன் வண்டிக்கான சென்சார். எண் பார்த்து வாங்கியது, மாறாது. நல்ல மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல், நீ ஓட்டிக்கொண்டு போகாதே. மரையில் மட்டும், மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசுகிற ஆன்டி-சீஸ் தடவட்டும், முனையில் படக்கூடாது. சிலிக்கான் பசை எதையும் அந்த இடத்தில் பூசவிடாதே, சென்சார் செத்துவிடும். மாட்டிய பிறகு ஸ்கேனர் போட்டுப் பிழையை அழிக்கச் சொல். கன்வெர்ட்டரையும் பார்க்கச் சொல். அதுவரை மாப்பிள்ளை பைக்கிலோ ஆட்டோவிலோ போங்கள், காசு நான் தருகிறேன். தலைவலி இன்னும் இருந்தால் ஆஸ்பத்திரியில் வண்டிப் புகை என்று வாயைத் திறந்து சொல், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல். இறங்கி ரொம்ப நேரம் ஆகிவிட்டால் ரத்தத்தில் தெரியாதாம். பாப்பாவையும் காட்டு.

மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அப்பா ஆசைக்கு வாங்கி அனுப்பினார் என்று சொல்லச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. வேண்டாம். இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடு. படிக்கட்டும்.

கோபம் இருந்தால் ரெண்டு நாள் பேசாதே, பரவாயில்லை. வண்டி சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் மணியிடம் சொல்லி அனுப்பு.

அப்பா