ஓசிச் சாமானும் ஜெராக்ஸ் கூப்பனும்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சாந்தி போன வாரம் வந்தாள், உன்னை விசாரித்தாள், வழக்கம்போல அந்தப் புளியங்காய் விஷயத்தை எடுத்துச் சண்டை போட்டுவிட்டுப் போனாள். உன் கடிதத்துக்குப் பொங்கல் வியாபாரம் முடிந்து சாவகாசமாகப் பதில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். நேற்று நம் மளிகைக் கடையில் ஒரு விஷயம் நடந்துவிட்டது. அதற்கு அப்புறம் தள்ளிப்போட மனசு வரவில்லை.

சரி, முதலில் உன் விஷயம். அமெரிக்காவில் கூப்பன் கொடுத்து வண்டி நிறைய சாமான் ரெண்டு டாலருக்கு வந்தது என்று குதித்துக் குதித்து எழுதியிருந்தாய். சந்தோஷம்தான். ஆனால் கடுகு சாஸ் பதினோரு பாட்டில் எதற்கடி? உங்கள் வீட்டில் அதைத் தொடுகிற ஆள் ஒருத்தர் உண்டா? இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய் பார், ஒரு கூப்பனை ரெண்டு தடவைக்கு மேல் பிரிண்ட் எடுக்க கம்ப்யூட்டர் விடமாட்டேன் என்கிறது, அதனால் உன் பெண் ஸ்வேதா கலர் ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறாள், "கம்பெனிதானே கொடுக்கிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம்" என்று. அந்த வரிதான் நேற்றிலிருந்து என்னைக் குடைகிறது.

நேற்று ஏஜென்சிக்காரர் வந்திருந்தார். ஒரு சோப்புத்தூள் கம்பெனி, பெயர் வேண்டாம், கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஸ்கீம் விட்டது. போன் நம்பரைப் பதிந்தால் ஒரு கூப்பன் வரும். அதைப் பிரிண்ட் எடுத்து மளிகைக் கடையில் கொடுத்தால் அரைக்கிலோ பாக்கெட் ஒன்று இலவசம். நாங்கள் அந்தத் தாள்களைச் சேர்த்து ஏஜென்சியிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள். கொடுத்தோம். நேற்று அந்தத் தாள்களில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எல்லாத் தாளிலும் ஒரே நம்பர். யாரோ ஒரு பிரிண்டை வைத்துக்கொண்டு கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறார்கள். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். "கிளெய்ம் பாஸ் ஆகாதுக்கா, நான் என்ன பண்றது" என்றார். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் கைக்காசா போட முடியும்?

அன்றைக்கெல்லாம் கவுண்டரில் நின்றது நம் கடைப் பையன் டில்லி. இவருக்கு வந்த கோபத்தில் "அவன் சம்பளத்தில் பிடி" என்று விட்டார். நான் விடவில்லை. ராத்திரி பத்து மணிவரை சண்டை. சாயங்கால நெரிசலில் ஒரு பையன் பருப்பு நிறுப்பானா, பில் போடுவானா, தாளுக்குத் தாள் நம்பரை ஒத்துப் பார்த்துக்கொண்டு நிற்பானா? அவன் வீட்டில் அவன் ஒருத்தன் சம்பளம்தான். கடைசியில் கடைக் கணக்கில் எழுதினோம். அரைக்கிலோ தூளில் எங்களுக்கு நிற்பது நாலைந்து ரூபாய். அப்படியென்றால் அந்த மூவாயிரத்தை எடுக்க எத்தனை பாக்கெட் விற்க வேண்டும், நீயே போட்டுப் பார். கணக்கில் நீதானே முதல் மார்க்.

உங்கள் ஊரில் எப்படி என்று ராத்திரி என் பையன் கார்த்திக்கை உட்காரவைத்துத் தேடச்சொல்லிப் படித்தேன். ஏற்பாடு கிட்டத்தட்ட இதேதான். நீ கொடுக்கிற கூப்பன்களைக் கடைக்காரர்கள் மொத்தமாகக் கட்டி ஒரு கிளியரிங் ஹவுஸுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பிரித்து எண்ணி கம்பெனிக்குக் கணக்கு போகிறது. கம்பெனி கூப்பனில் போட்ட தொகையையும், தாளுக்கு 8 சென்ட் கூலியையும் கடைக்குக் கொடுக்கிறது. கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், கண்ணாடி போட்டுப் பார். நகல் எடுத்தால் செல்லாது என்பதும் அங்கேயே இருக்கும். இன்டர்நெட்டில் பிரிண்ட் எடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் தனி நம்பர் விழும். அதனால்தான் ரெண்டுக்கு மேல் விடுவதில்லை. ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாம் ஒரே நம்பர். அதைக் கண்டுபிடித்தால் கம்பெனி கடைக்குப் பணம் தராது. ஸ்வேதாவின் ஜெராக்ஸில் வந்த ஷாம்பு கம்பெனி கொடுத்த ஷாம்பு இல்லை மல்லி. உன் தெருமுனைக் கடைக்காரன் கொடுத்தது, அவனுக்கே தெரியாமல்.

இதை எழுதிவிட்டு, மற்றதையும் சேர்த்து எழுதாவிட்டால் உன்மேல் அநியாயமாகப் பழி போட்டதுபோல் ஆகிவிடும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முறைக்கிறார்கள், ஓசிக்கு அலைகிற மாதிரி கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் கூச்சம் உனக்கு வேண்டவே வேண்டாம். கம்பெனி தானே அச்சடித்து, இந்தத் தேதிவரை செல்லும் என்று வாக்குக் கொடுத்து, நீ அதை ஒழுங்காகக் கொண்டுபோய் நீட்டினால் ஒரு பைசா தராமல் வந்தாலும் அது உன் உரிமை. அவர்கள் தர்மத்துக்குச் செய்யவில்லை. 1887இல் அட்லாண்டாவில் கோகோ கோலாக்காரர்கள் ஒரு கிளாஸ் இலவசம் என்று சீட்டுக் கொடுத்தார்கள். உலகத்தின் முதல் கூப்பன் அதுதான் என்று சொல்கிறார்கள். ஒரு கிளாஸ் சும்மா குடித்தவன் அடுத்த கிளாஸைக் காசு கொடுத்துக் குடித்தான். போட்ட முதலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கூப்பனில் போட்ட தொகையை ரெண்டு மடங்காகக் கழித்துக்கொள்கிறோம் என்று கடையே போர்டு வைத்தால், அந்த அதிகப்படிப் பணம் கடை தன் கையிலிருந்து போடுவது. அதையும் தாராளமாக வாங்கு.

சின்ன வயசில் நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார். சிக் ஷாம்பு வந்த புதிதில், எந்த கம்பெனியாக இருந்தாலும் ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். கல்மண்டபம் மார்க்கெட் பின்பக்கம், குழாயடி, பொன்னுசாமி அண்ணன் சலூன் வாசல், ஓர் இடம் விட்டோமா? நாம் தலைக்குத் தேய்த்த பாக்கெட்டா அதெல்லாம்? இல்லை. ஆனாலும் அதில் ஏமாற்று கிடையாது. காலி பாக்கெட் கொண்டுவா என்றான், கொண்டுபோனோம். அப்புறம் சிக் பாக்கெட்டாக இருந்தால்தான் எடுப்போம் என்று மாற்றினார்கள். நாமும் மற்றதைப் பொறுக்குவதை விட்டுவிட்டோம். ஆனால் ரெண்டாவது வரிசை லதா என்ன செய்தாள்? ஒரு பாக்கெட்டை நடுவில் வெட்டி ரெண்டாக்கி, நுனியை மடித்து அடியில் வைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு நீ அவளிடம் ஒரு மாதம் பேசவில்லை. ஞாபகம் இருக்கிறதா? அந்த மல்லிகாவைத்தான் இப்போது கேட்கிறேன். லதா வெட்டினதற்கும் ஸ்வேதா ஜெராக்ஸ் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் எழுதியிருந்தாய். பெரிய பாட்டிலுக்குக் கொடுத்த கூப்பனைக் கையடக்கச் சின்ன பாட்டிலுக்குக் காட்டினால் மெஷின் ஏற்றுக்கொள்கிறது, மொத்தமும் இலவசமாகிவிடுகிறது, மெஷினே ஏற்றுக்கொண்ட அப்புறம் நமக்கென்ன என்று. மெஷின் பார்கோடைத்தான் பார்க்கும் மல்லி. எந்த அளவு பாட்டிலுக்கு என்று தாளில் தெளிவாக எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தது நீதான்.

சட்டமும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வர்ஜீனியா பீச்சில் ஒரு பெண் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போலிக் கூப்பன் தயாரித்து ஊரெல்லாம் விற்றாள். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் 3 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2021இல் 12 வருஷம் சிறை போட்டார்கள். ஸ்வேதாவை அந்தப் பெண்ணோடு சேர்த்துவைத்துச் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பதினாறு வயசுப் பிள்ளை, அம்மாவுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிறாள். ஆனால் அவள் கையில் கொடுத்து அனுப்புவது நீ. அந்த பயம் எனக்கு இருக்கிறது.

கடைக்காரர்கள் எல்லாரும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. தூளோடு ஒட்டிவருகிற இலவச சோப்பைப் பிரித்துத் தனியாக விற்கிறவர்களை இந்தத் தெருவிலேயே பார்க்கிறேன். வாங்குகிறவர்களுக்குச் சேர வேண்டியதை நடுவில் எடுத்துக்கொள்வது அது. எங்கள் மாமனார் காலத்திலிருந்து நம் கடையில் அந்த வேலை கிடையாது. ஏப்ரல் நடுவில் ஆரம்பித்து ஜூன் நடுவரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுப் பெண்கள் கையில் காசே புழங்காது. அப்போது ஒரு சோப்பு சும்மா வந்தால் அந்த வீட்டுக்கு அது பெரிசு. நல்ல ஸ்கீம் வந்தால் ஒருத்தருக்கு ஒன்று என்றுதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மொத்தமாக அள்ள வருகிறவர்களிடம் டில்லி கறாராக இருப்பான். அதனால்தான் நீ ஷெல்ஃபையே காலி பண்ணினேன் என்று பெருமையாக எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல கூப்பனாகவே இருக்கட்டும். உனக்குப் பின்னால் ஒரே ஒரு கூப்பனோடு, அதை நம்பி வந்தவள் வெறுங்கையோடு திரும்பியிருப்பாள். அவளுக்கு உன்னைவிட முடை அதிகமாக இருக்கலாம். ரெண்டு எடு, மூன்று எடு. மிச்சத்தை விட்டுவிட்டு வா.

இப்போது நீ செய்ய வேண்டியது. அந்த ஜெராக்ஸ் தாள்களை இன்றைக்கே கிழித்துப் போடு, ஸ்வேதா கண்ணெதிரில். திட்டாதே. கிளியரிங் ஹவுஸ், 8 சென்ட், தாள் நம்பர் எல்லாம் உட்காரவைத்துச் சொல், அவள் புரிந்துகொள்வாள். அவள் கெட்டிக்காரத்தனத்துக்கு, எந்தக் கடையில் எந்த வாரம் என்ன விலை என்று நேர்மையாகக் கணக்குப் போட்டாலே வண்டி நிறைய வாங்கலாம். வீட்டில் குவித்து வைத்திருக்கிற பேஸ்ட்டையும் சாஸையும் பக்கத்தில் இருக்கிற உணவு வங்கியில் கொண்டுபோய்க் கொடு. தேதி தாண்டுவதற்குள் கொடு. அந்தக் கடைகளுக்கு ஏதாவது திருப்ப வழியிருந்தால் நீயே யோசி. அதை நான் இங்கேயிருந்து சொல்ல முடியாது.

கோபமாக எழுதிவிட்டேனோ என்று கார்த்திக்கைப் படிக்கச் சொன்னேன். "அத்தை அழுவாங்கம்மா" என்றான். அழுதால் அழு. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் இதைச் சொல்வேன்?

மற்றபடி, கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் முந்திரி விலை ஏறிக்கொண்டே போகிறது. நீ கேட்ட மிளகு வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் உன் நாத்தனார் வரும்போது கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை அடைத்திருக்கும். ஸ்வேதாவுக்கு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால், சண்டை போட வேண்டும் என்றாலும் சரி, அப்போது போன் பண்ணச் சொல்.

அன்புடன்,
செல்வி