நியூஜெர்சியிலிருந்து அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. முழங்கால் வலி பரவாயில்லை. பேரன் இப்போதான் தாத்தா என்கிறான், அதுவும் என்னைப் பார்த்து அல்ல, போனைப் பார்த்து. மைனி சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர். பார்சல் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் பஸ் கண்டக்டர் என்று மருமகன் சொன்னதும் மனிதர் ஒட்டிக்கொண்டார். அவர் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும், என் இங்கிலீஷ் அவருக்குக் கால்வாசி. மீதிக்கு மருமகன்.

இங்கே யுபிஎஸ் என்று பெரிய பார்சல் கம்பெனி. டிரைவர்களும் பெட்டி ஏற்றி இறக்குகிறவர்களும் டீம்ஸ்டர்ஸ் சங்கம். அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைக் காட்டினார். சூப்பர்வைசர் மேற்பார்வைதான் பார்க்க வேண்டும், சங்கத்து ஆள் செய்கிற வேலையில் கை வைக்கக் கூடாது. புது ஆளுக்குப் பழக்கிக் கொடுக்கலாம். புயல், வெள்ளம் மாதிரி நேரத்திலும் விதிவிலக்கு உண்டு. மீறினால், பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் டிப்போ பிராஞ்ச் மேனேஜர் ஒருநாள் ஸ்டியரிங் பிடித்தால் நாம் ஒரு மாதம் பெருமை பேசுவோம். "ஒரு பெட்டியைத் தூக்கினால் குடியா முழுகும்?" என்று கேட்டேன். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஆளைக் குறைத்துவிட்டு, மூன்று சூப்பர்வைசர் தினமும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் கை கொடுத்தால் ஆறு மணி நேரம். பகுதி நேர ஆளுக்கு அங்கே ஷிப்டே மூன்றரை, நாலு மணிதான். ஒருத்தர் வேலை முழுசாய்க் காணோம், இன்னொருத்தருக்கும் பாதி போச்சு. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

இவர்கள் கையாளுகிற விதம்தான் எனக்குப் பிடித்தது. சத்தம் கிடையாது. "அது எங்க வேலை" என்று ஒரு தடவை சொல்வது, பிறகு சட்டைப்பை நோட்டை எடுப்பது. தேதி, யார், எத்தனை மணிக்குத் தொடங்கினார், எப்போது விட்டார், பக்கத்தில் யார் நின்றார்கள். அதைச் சங்கப் பிரதிநிதியிடம் கொடுத்துப் புகார் எழுதுவது. அச்சு அசலாய் கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதுகிற நம் வே பில்தான். ஸ்டேஜ் ஸ்டேஜாய் நான் எழுதியதை நீங்கள் டிரைவர் சீட்டில் இருந்து கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பீர்களே!

ஆனால் அதிலும் இவர்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. செக் வந்தால் போதும் என்கிறவர்கள் ஒரு பக்கம். "பணம் வேண்டாம், ஆளைப் போடு" என்கிறவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவது கட்சி. அபராதத்தைக் கம்பெனி டீசல் செலவு மாதிரி எழுதிவிட்டுப் போய்விடாதா? சூப்பர்வைசர் பாடும் பாவம்தான். நேற்றுவரை கூட நின்று பெட்டி தூக்கியவராகவே இருப்பார், அவருக்குச் சங்கமும் கிடையாது. பெட்டி தேங்கினால் மேலே இருந்து திட்டு, தூக்கினால் கீழே இருந்து புகார். "பாவம்தான், ஆனாலும் எழுதுவேன்" என்றார் இவர். என்னால் முடியுமா, தெரியவில்லை.

1997 ஆகஸ்டில் யுபிஎஸ் தொழிலாளர்கள் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது மேலாளர்களே வண்டியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான சரக்கில் கொஞ்சம்தான் நகர்ந்ததாம். கடைசியில் 10,000 முழு நேர வேலை தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2023-இலும் வேலைநிறுத்தம் வரும்போல் இருந்தது. சங்கத்தில் இல்லாத ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறோம் என்று கம்பெனி ஜூலையில் அறிவித்தது. சங்கம் மறியல் ஒத்திகையே நடத்தியது. அந்த மாதம் 25-ஆம் தேதி உடன்பாடு வந்ததால் தப்பித்தார்கள்.

இதைக் கேட்டபோது 2018 ஜனவரியில் நாம் செய்த பஸ் வேலைநிறுத்தம் ஞாபகம் வந்தது. நாம் டிப்போவுக்கு வெளியே நிற்கிறோம். தற்காலிக டிரைவர் ஒருத்தர் நம் வண்டியை கியர் கரகரக்க எடுத்துப் போகிறார். கோஷத்தை விட்டுவிட்டு நீங்கள் காதைப் பொத்திக்கொண்டீர்கள். மருமகன் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த எட்டு நாளும் வெளியே போன வண்டி நம்பரை எல்லாம் ஒரு டயரியில் குறித்தீர்களே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் தம்பியிடம் சொல்லி நாலு பக்கம் போட்டோ அனுப்புங்கள். இவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கண்டக்டர்